ஓட்டுப் போடுகிற கூட்டத்துக்கு என்ன பெயர்?

ஆங்கிலப் பத்திரிகையில் வரும் 'எலெக்டரேட்' என்ற சொல்லுக்குத் தமிழில் என்ன போடுவது என்று மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு சாயங்காலப் பேச்சு கிளம்பியது. தமிழ்ப்பள்ளியில் பாடம் எடுத்தவன் என்பதால் என் தலையில் கட்டிவிட்டார்கள்.

ஐயா, தொகுதி என்று எழுதலாமா?

வேண்டாம்மா. தொகுதி என்பது இடம். நம் சுங்கை சிப்புட் ஒரு நாடாளுமன்றத் தொகுதி. அதற்குள் லிந்தாங், ஜாலோங் என்று இரண்டு சட்டமன்றத் தொகுதிகள். எலெக்டரேட் என்பது ஆட்கள், ஓட்டுரிமை உள்ள எல்லோரும் சேர்ந்த கூட்டம். 'வாக்காளர்கள்' என்றாலே போதும்.

மெல்பர்னில் இருக்கும் என் மகள் 'எங்கள் எலெக்டரேட் பெரியது' என்று இடத்தைத்தானே சொல்கிறாள்?

அவள் சொல்வதும் சரிதான். ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் தொகுதிக்கே அந்தப் பெயர். எந்த ஊர்ச் செய்தி என்று பார்த்துவிட்டு மொழிபெயர்க்க வேண்டும்.

அப்போது தொகுதி மக்களும் வாக்காளர்களும் ஒன்றா?

இல்லை. எங்கள் பழைய லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) ஒரு வீட்டுப் பூட்டு துருப்பிடித்துக் கிடக்கிறது. பையன் கிள்ளானில் வேலை. ஓட்டு இன்னும் இங்கேதான், தேர்தல் அன்று காரில் வந்து போட்டுவிட்டுப் போவான். பக்கத்து வீட்டில் பங்களாதேஷிலிருந்து வந்த தம்பி தினமும் செம்பனைக் குலை வெட்டுகிறான்; அவனுக்கு ஓட்டு இல்லை. யார் இந்த ஊர்க்காரர் என்று என்னைக் கேட்டால் கொஞ்சம் யோசிப்பேன். வாக்காளர் யார் என்பதில் யோசிக்க ஒன்றுமில்லை, பட்டியலில் பெயர் இருக்க வேண்டும்.

நான் பதிந்துகொள்ளவே இல்லை சார். வயது 19.

நீ பதிய வேண்டியதில்லை தம்பி. 2019 ஜூலையில் அரசியல் சட்டத்தைத் திருத்தி வயதை 21இலிருந்து 18 ஆக்கினார்கள். 2021 டிசம்பர் 15 முதல் பதிவும் தானாகவே நடக்கிறது. எதற்கும் தேர்தல் ஆணையத்தில் பெயரைச் சரிபார்த்துக்கொள். (இதற்காக நடந்த இயக்கத்தின் பெயர் 'உண்டி 18'; மலாயில் உண்டி என்றால் ஓட்டு. அதைக் கேட்டுவிட்டு எங்கள் பாட்டி, எந்தக் கோவிலுக்கு வசூல் என்றார்!)

இந்தியச் செய்தியில் வரும் 'தனித்தொகுதி'?

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். இன்று அந்தச் சொல் குறிப்பது ஒதுக்கீட்டுத் தொகுதியை: வேட்பாளராக நிற்பவர் பட்டியல் சாதியினராகவோ பழங்குடியினராகவோ இருக்க வேண்டும், ஓட்டை எல்லோரும் போடலாம். அம்பேத்கர் கேட்டது வேறு. ஒடுக்கப்பட்டோர் தங்கள் பிரதிநிதியைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் தனி வாக்காளர் முறை அது. 1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் அரசு அதற்குச் சம்மதித்து மாகாண சபைகளில் 71 இடம் தந்தது. அதை எதிர்த்துக் காந்தி உண்ணாவிரதம் இருந்தார். செப்டம்பர் 24இல் பூனா ஒப்பந்தம் வந்து தனி வாக்காளர் முறை போனது. அதற்கு ஈடாக ஒதுக்கீடு 148 இடமானது. 71 ஏன் 148 ஆயிற்று என்பது, இரண்டையும் 'தனித்தொகுதி' என்றே எழுதினால் யாருக்குப் புரியும்?

'ஓட்டாளர்' என்று எழுதலாமா?

பேச்சில் ஓட்டு, எழுத்தில் வாக்காளர். ஓட்டாளர் என்றால் எனக்கு லோரி ஓட்டுகிறவர் ஞாபகம்தான் வருகிறது.