ஒரே ரிப்போர்ட்டை வைத்து முடிவுக்கு வராதீர்கள்

கேள்வி: விந்துப் பரிசோதனையில் 'கவுண்ட் 9 மில்லியன்' என்று வந்திருக்கிறது. 16 இருக்க வேண்டும் என்று அதிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். மனைவிக்கு எல்லாம் நார்மல். எனக்குக் குழந்தை பிறக்க வாய்ப்பே இல்லையா?

பதில்: வாய்ப்பு இருக்கிறது. ஒரு மில்லிலிட்டர் விந்தில் 16 மில்லியன் விந்தணு என்பது உலக சுகாதார நிறுவனம் 2021-ல் திருத்தி வெளியிட்ட கையேட்டில் உள்ள அளவு. முயற்சி தொடங்கி ஓராண்டுக்குள் மனைவி கருவுற்ற ஆண்களை மட்டும் பரிசோதித்து, அவர்களில் மிகக் குறைவாக இருந்த 5 சதவீதத்தினரைப் பிரித்துப் போட்ட கோடு அது. அப்பா ஆனவர்களும் அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கிறார்கள் என்பதுதான் இதன் பொருள்.

கவுண்டை மட்டும் பார்ப்பதும் சரியல்ல. விந்தின் அளவு, முன்னேறி நீந்தும் விந்தணுக்களின் சதவீதம் இரண்டையும் கவுண்டோடு பெருக்குங்கள். அளவு 3 மில்லிலிட்டர், முன்னேறி நீந்துபவை 35 சதவீதம் என்றால், 9 × 3 × 0.35 = 9.45 மில்லியன், அதாவது சுமார் 94 லட்சம். விந்தணுவைக் கழுவிச் சுத்தம் செய்து கருப்பையில் செலுத்தும் ஐ.யூ.ஐ.யை முயன்று பார்க்கலாமா என்று மருத்துவர் யோசிப்பது இந்த எண்ணை வைத்துத்தான். 'இயல்பான வடிவம் 4 சதவீதம்' என்று இருந்தால் பதற வேண்டாம். அதுவே போதுமான அளவு.

அடுத்து, டெஸ்ட்டைத் திரும்ப எடுங்கள். விந்தணு உருவாகி முடிய ஏறக்குறைய 74 நாட்கள் ஆகும். பிறகு முதிர்ந்து வெளியே வர மேலும் ஓரிரு வாரம். இரண்டு மாதத்துக்கு முன் கடும் காய்ச்சல் வந்திருந்தால் அதன் பாதிப்பு இப்போதுதான் தெரியும். அதனால்தான் மூன்று மாத இடைவெளி கேட்கிறோம்.

சாம்பிள் கொடுப்பதில்தான் பலருக்குத் தவறு நடக்கிறது. 2 முதல் 7 நாள் வரை விந்து வெளியேறாமல் இருக்க வேண்டும். அதற்கு மேல் காத்திருந்தால் எண்ணிக்கை கூடலாம். நீந்தும் திறன் குறையும். சாதாரண ஆணுறையில் சேகரிக்காதீர்கள். அதிலுள்ள பொருட்கள் விந்தணுவைப் பாதிக்கும். எச்சில், ஜெல் எதுவும் வேண்டாம். முதலில் வரும் துளிகளில்தான் விந்தணு அதிகம். அது டப்பாவுக்கு வெளியே சிந்தியிருந்தால் கூச்சப்படாமல் லேபில் சொல்லிவிடுங்கள். வீட்டில் எடுத்தால் டப்பாவை உடம்போடு ஒட்டி, சூடு குறையாமல் வைத்து ஒரு மணி நேரத்துக்குள் சேர்த்துவிட வேண்டும். அரை மணி நேரத்துக்குள் என்றால் இன்னும் நல்லது.

கேள்வி: என் கணவருக்கு விந்தணுவே இல்லை என்று ரிப்போர்ட். அவர் இடிந்துபோயிருக்கிறார். இனி என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த 'இல்லை' உறுதியானதா என்று பார்க்க வேண்டும். விந்தைச் சுழற்றி அடியில் படிவதை மைக்ரோஸ்கோப்பில் தேடினால் சிலருக்கு ஒன்றிரண்டு கிடைக்கும். கிடைத்ததை உறைய வைத்துக்கொள்ளலாம்.

பிறகு கேட்க வேண்டியது, விந்தணு உற்பத்தியே இல்லையா, உற்பத்தியாகியும் வழி அடைபட்டிருக்கிறதா என்பது. மருத்துவர் விரைகளைத் தொட்டுப் பார்ப்பதும், எஃப்.எஸ்.எச். (மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பி, விந்தணு உற்பத்தியைத் தூண்டும் ஹார்மோன்), டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) ரத்தப் பரிசோதனைகளும் இதற்குப் பெரும்பாலும் விடை சொல்லிவிடும். விரை நல்ல அளவில் இருந்து எஃப்.எஸ்.எச். இயல்பாக இருந்தால் பெரும்பாலும் அடைப்பு. விந்தின் அளவும் குறைந்து, அதில் இருக்க வேண்டிய ஃப்ரக்டோஸ் என்ற சர்க்கரையும் இல்லை என்றால், விந்துக்குழாய் பிறவியிலேயே இல்லாமல் இருக்கலாம். அடைப்பைச் சரிசெய்ய அறுவை சிகிச்சை உண்டு. அல்லது ஊசி மூலம் விந்தணுவை எடுத்து, ஒரு கருமுட்டைக்குள் ஒரு விந்தணுவைச் செலுத்தும் இக்ஸி செய்யலாம். இந்த முறை 1992 முதல் உலகில் இருக்கிறது.

விரை சிறுத்து எஃப்.எஸ்.எச். உயர்ந்திருந்தால் உற்பத்தியில் குறை. அப்போதும் மைக்ரோஸ்கோப் வைத்து விரைக்குள் தேடும் மைக்ரோ டீசி அறுவை சிகிச்சையில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு விந்தணு கிடைக்கிறது. ஆனால் அதற்கு முன் குரோமோசோம் பரிசோதனையும் ஒய் குரோமோசோம் பரிசோதனையும் கட்டாயம் செய்யுங்கள். ஒய் குரோமோசோமில் ஏ அல்லது பி பகுதி முழுவதும் இல்லாதவருக்கு விரையைத் திறந்தாலும் விந்தணு கிடைக்காது. வீணாக ஒரு அறுவை சிகிச்சை எதற்கு?

எஃப்.எஸ்.எச். மிகக் குறைவாக இருந்தால் குறை பிட்யூட்டரி சுரப்பியில் அல்லது அதை இயக்கும் மூளைப் பகுதியில். மருந்தாலேயே பலன் தரக்கூடிய நிலை இது. ஹார்மோன் ஊசிகளைத் தொடர்ந்து போட வேண்டும். விந்தணு தெரிய ஆறு மாதம் முதல் இரண்டு வருடம்கூட ஆகலாம். இடையில் நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: ஜிம்மில் சொன்னார்கள் என்று டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடுகிறேன். ஆண் ஹார்மோன்தானே, விந்தணுவும் கூடும் அல்லவா?

பதில்: குறையும், பூஜ்யமாகவும் ஆகலாம். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால் பிட்யூட்டரி தன் கட்டளையை நிறுத்திவிடும். விரைக்குள் தானாகச் சுரந்து மிக அதிக அளவில் இருக்க வேண்டிய ஹார்மோன் சரிந்து, விந்தணு உற்பத்தி நின்றுபோகும். ரத்தத்தில் அளவு உயர்ந்தே தெரியும் என்பதால் ஏமாந்துபோவார்கள். குழந்தை வேண்டுமென்றால் உடனே ஒரு மருத்துவரைப் பாருங்கள். என்ன போட்டீர்கள், எவ்வளவு நாள் என்பதை மறைக்காதீர்கள். பெரும்பாலானோருக்குச் சில மாதங்களில் மீளும், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் இழுக்கும்.

கேள்வி: ஸ்கேனில் இடது பக்கம் வெரிகோசீல் என்று இருக்கிறது. ஆபரேஷன் அவசியமா?

பதில்: வெரிகோசீல் என்பது விரைப்பையில் ரத்த நாளங்கள் புடைத்து வீங்குவது. ஸ்கேனில் மட்டும் தெரிந்து, கைக்குத் தட்டுப்படாத வெரிகோசீலுக்கு ஆபரேஷன் வேண்டாம். நின்று பார்க்கும்போதே ரத்த நாளங்கள் புடைத்துத் தெரிந்து, விந்துப் பரிசோதனையும் குறைவாக இருந்தால் செய்யலாம். மைக்ரோஸ்கோப் வைத்துச் செய்யும் முறையில் நீர் கோர்ப்பதும் திரும்ப வருவதும் குறைவு. பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். மனைவிக்கு வயது 35-ஐத் தாண்டியிருந்தால், அந்தக் காத்திருப்பு சரிப்படுமா என்று ஆபரேஷனுக்கு நாள் குறிக்கும் முன்பே இருவரும் சேர்ந்து மருத்துவரிடம் கேளுங்கள்.