பச்சை கேட்டால் தேன் நிறம் வருகிறதே!

கேள்வி: வீட்டில் சின்ன மின் சூளை வைத்துக் கோப்பைகள் செய்கிறேன். 1240 டிகிரி வரை சுடுகிறேன். செலடான் என்னும் இளம்பச்சை வேண்டுமென்று, நிறமில்லாத கிளேஸில் (சூளையில் உருகிக் கண்ணாடிபோல் படியும் மேல்பூச்சு) 2 சதவீதம் சிவப்பு இரும்பு ஆக்சைடு கலந்தேன். மூன்று முறையும் தேன் நிறம்தான். கடைக்காரர் கலப்படப் பொடி கொடுத்துவிட்டாரோ?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: கடைக்காரரை விட்டுவிடுங்கள் அம்மா, அவர் பாவம். குற்றவாளி உங்கள் சூளைக்குள் இருக்கும் காற்று. மின் சூளையில் காற்றுக்குக் குறைவே இல்லை. அங்கே 2 சதவீத இரும்பு வைக்கோல் மஞ்சளோ தேன் நிறமோதான் தரும். கேஸ் சூளையிலோ விறகுச் சூளையிலோ காற்றைக் குறைத்துப் புகைய விட்டால், கார்பன் மோனாக்சைடு இரும்பிடமிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ளும். அப்போதுதான் அதே பொடி பச்சையாகும். சோங் அரச மரபுக் காலத்தில் சீனாவின் லோங்சுவான் குயவர்கள் விறகுச் சூளையில் செய்தது இதைத்தான். கீழடிக் கறுப்பு சிவப்புப் பானையைப் பார்த்திருப்பீர்களே? காற்றுப் பட்ட இடம் சிவப்பு, காற்றுப் படாமல் கரியேறிய இடம் கறுப்பு. மண் ஒன்றேதான்.

மின் சூளைக்குள் பாச்சை உருண்டை போட்டுப் புகைய வைக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். செய்யாதீர்கள். கம்பிச்சுருள் சீக்கிரம் போய்விடும், வீட்டுக்குள் விஷப் புகை வேறு. தாமிரம் போட்டால் பச்சை வரும், ஆனால் புளிக்குழம்பு ஊற்றும் கிண்ணத்துக்கு அதை நான் பூசமாட்டேன். பச்சைதான் வேண்டுமென்றால், உணவுப் பாத்திரத்துக்கு ஏற்றதா என்று கேட்டு, கடையில் விற்கும் ஸ்டெயின் (கிளேஸில் கலக்கும் ஆயத்த நிறப்பொடி) வாங்குங்கள்.

என்னைக் கேட்டால், இரும்பை 8 சதவீதத்துக்கு ஏற்றிப் பாருங்கள் என்பேன். கிளேஸ் கனமான இடத்தில் கரும்பழுப்பு, மெலிந்த விளிம்பில் துருச் சிவப்பு. எனக்குச் செலடானைவிட அதுதான் பிடிக்கும். ஆனால் அந்தச் சூட்டில், மின் சூளையிலும்கூட, இரும்பு தானே கொஞ்சம் ஆக்சிஜனை விட்டுக் கிளேஸை இளக்கி வழியவிட ஆரம்பிக்கும். நான் ஒருமுறை கேஸ் சூளையில் 12 சதவீதம் போட்டு, ஆசையில் அடிவரை பூசிவிட்டேன். ஆறு கோப்பைகளையும் சூளைத் தட்டிலிருந்து உளி வைத்துப் பெயர்க்க வேண்டியதாயிற்று. அடியில் ஒரு விரற்கடை விட்டுப் பூசுங்கள்.

சரி, அடுத்த முறை கோப்பையில் இறங்காமல் 2, 4, 6, 8 என்று நான்கு மண் சில்லுகளில் பூசிச் சுட்டுப் பாருங்கள். கலவையைச் சல்லடையில் இருமுறை வடிகட்டுங்கள், இல்லாவிட்டால் புள்ளி புள்ளியாக வரும். சில்லின் பின்பக்கம் அந்தப் பொடியையே தண்ணீரில் குழைத்து எண் எழுதிவிடுங்கள். மார்க்கர் மை சூளையில் எரிந்துபோகும், இது போகாது.