கருவிழிப் புண்ணுக்கு ஆன்டிபாடி மருந்து உண்டா?

கேள்வி: எனக்கு வயது 34. நீண்ட காலமாகக் கான்டாக்ட் லென்ஸ் அணிகிறேன். 12 நாட்களுக்கு முன் வலது கண்ணில் கடும் வலியும் சிவப்பும் ஏற்பட்டன. சூடோமோனாஸ் பாக்டீரியாவால் வந்த கருவிழிப் (கார்னியா) புண் என்று, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையில் தெரிந்தது. முதல் இரண்டு நாட்கள் இரவிலும் மணிக்கு ஒருமுறை ஆன்டிபயாட்டிக் சொட்டு மருந்து விட்டோம். கிருமி கட்டுப்பட்டுவிட்டது என்கிறார் மருத்துவர். ஆனால் பார்வை இன்னும் மங்கலாகவே இருக்கிறது. ஆன்டிபயாட்டிக்குக்குப் பதிலாக ஆன்டிபாடி மருந்து தந்தால் தழும்பு குறையும் என்று படித்தேன். என் தாயாருக்கு விழித்திரைக் கோளாறுக்காகக் கண்ணுக்குள் போடும் ஊசியும் ஆன்டிபாடிதான் என்கிறார்கள். அதையே எனக்கும் போடலாமா?

பதில்: போடக் கூடாது. பாக்டீரியாவால் வரும் கண் தொற்றுக்கென்று அங்கீகரிக்கப்பட்ட ஆன்டிபாடி மருந்து இன்று எதுவும் இல்லை. நீங்கள் விட்டுக்கொண்டிருக்கும் சொட்டு மருந்தை மருத்துவர் சொல்லும்வரை நிறுத்தவும் வேண்டாம். ஆனாலும் நீங்கள் படித்தது வெறும் கட்டுக்கதை அல்ல என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஆன்டிபாடி என்பது ஒரு குறிப்பிட்ட பொருளை மட்டும் பற்றிப் பிடிக்கும் எதிர்ப்புப் புரதம். முதலில் உங்கள் தாயாரின் ஊசி. அது ஆன்டிபாடி வகை மருந்தாக இருக்கலாம். ஆனால் அதன் இலக்கு கிருமி அல்ல. விழித்திரையில் தேவையற்ற இரத்தக் குழாய்களை வளரவும் கசியவும் வைக்கும் ஒரு புரதம். கண்ணில் தொற்று இருக்கும்போது அந்த ஊசியைத் தள்ளிப்போடுவதே முறை, ஏனெனில் ஊசி போகும் வழியில் கிருமியும் உள்ளே போய்விடலாம். கண்ணின் நடு அடுக்கான யூவியாவில் தொற்றில்லாமல் வரும் அழற்சிக்குத் தரப்படும் அடாலிமுமாப் என்ற ஆன்டிபாடியோ உடலின் எதிர்ப்பாற்றலையே தணிக்கக்கூடியது. ஆகவே ‘ஆன்டிபாடி’ என்ற பெயரை மட்டும் வைத்து ஒரு மருந்தை எடைபோட முடியாது. அது எதைப் பற்றிப் பிடிக்கிறது என்பதே முக்கியம்.

கிருமிக்கு எதிரான ஆன்டிபாடியை மருந்தாகத் தரும் எண்ணம் ஆன்டிபயாட்டிக்கைவிடப் பழையது. 1890இல் பேரிங், கிட்டசாட்டோ என்ற விஞ்ஞானிகள், தடுப்பாற்றல் பெற்ற விலங்கின் சீரம் (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) மற்றொரு விலங்கைத் தொண்டை அடைப்பான் நஞ்சிலிருந்தும் இரணஜன்னி நஞ்சிலிருந்தும் காக்கும் என்று காட்டினார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிமோகாக்கஸ் கிருமியால் வரும் கருவிழிப் புண்ணுக்கும் ஜெர்மானியக் கண் மருத்துவர் பால் ரோமர் சீரம் சிகிச்சையை முயன்றார். சல்ஃபா மருந்துகளும் பென்சிலினும் வந்த பிறகு, ஒவ்வாமைத் தொல்லை மிகுந்த விலங்குச் சீரம் ஓரங்கட்டப்பட்டது. ஒரே அச்சில் வார்த்ததுபோன்ற ஆன்டிபாடியைத் தேவையான அளவு தயாரிக்கும் வழியைக் கோலர், மில்ஸ்டைன் என்ற விஞ்ஞானிகள் 1975இல் கண்டுபிடித்ததால்தான் பழைய எண்ணத்துக்கு மறுபடி உயிர் வந்தது.

உங்கள் கேள்வியின் மையம் தழும்பு. கருவிழி ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் தடிமன் கொண்ட, இரத்தக் குழாய்களே இல்லாத திசு. அதிலுள்ள கொலாஜன் என்ற புரத இழைகள் ஒழுங்கான இடைவெளியில் அடுக்கப்பட்டிருப்பதால்தான் அது கண்ணாடிபோல் தெளிவாக இருக்கிறது. ஃப்ளுரசீன் சாயம் விட்டு நீல ஒளியில் உங்கள் கண்ணைப் பார்த்தபோது, மேல்தோல் உரிந்த இடம் பச்சையாக மின்னியிருக்கும். வெள்ளை ஒளியில் அதே இடம் பிசிறான ஓரங்களோடு சாம்பல் கலந்த வெண்மையாகத் தெரிந்திருக்கும். அந்த வெண்மை முழுவதும் கிருமி அல்ல. பெரும்பகுதி, கிருமியை எதிர்க்க ஓடிவந்த உங்கள் வெள்ளை அணுக்களும், அவற்றின் நொதிகளும் கிருமியின் நொதிகளும் சேர்ந்து கரைத்த திசுவும்தான். ஆன்டிபயாட்டிக் கிருமியைக் கொல்லும்; கிருமி ஏற்கெனவே வெளிவிட்டுவிட்ட நஞ்சை அது ஒன்றும் செய்யாது. புண் ஆறியும் பார்வை தெளியாமல் இருப்பதற்கு இதுவே காரணம்.

இந்த இடைவெளியைத்தான் ஆராய்ச்சியாளர்கள் குறிவைக்கிறார்கள். ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் கிருமியின் ஆல்ஃபா நஞ்சுக்கு எதிராகத் தடுப்பாற்றல் ஊட்டிய முயல்களில், கருவிழியிலிருந்த கிருமிகளின் எண்ணிக்கை குறையாதபோதும் திசுச் சேதம் குறைந்தது. என் பார்வையில் இந்தத் துறையின் மிக முக்கியமான பாடம் இதுதான்: கிருமியின் கையிலிருக்கும் ஆயுதத்தைப் பறிப்பதும் ஒரு சிகிச்சையே. உங்களைத் தாக்கிய சூடோமோனாஸ், ஊசிபோன்ற ஓர் அமைப்பால் நம் செல்களுக்குள் நஞ்சைச் செலுத்துகிறது. அந்த ஊசியின் நுனிப் புரதத்தைப் பிடித்து அடைக்கும் ஆன்டிபாடிகள் உருவாக்கப்பட்டுள்ளன. கிருமிகள் ஒன்றுகூடிப் பூசிக்கொள்ளும் வழவழப்பான சர்க்கரைப் படலத்தைப் பிடிப்பவையும் உண்டு. இவை எலிகளின் கண்ணிலும் சோதிக்கப்பட்டன. ஆனால் இவ்விரண்டையும் ஒருசேரப் பிடிக்கும் ஆன்டிபாடி ஒன்றைச் செயற்கைச் சுவாசத்திலிருந்த நோயாளிகளுக்கு நிமோனியா வராமல் தடுப்பதற்காகத் தந்து பார்த்தபோது, எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. எலியிலிருந்து மனிதருக்கு வரும் பாதையில் இப்படிப் பல மருந்துகள் நின்றுபோகின்றன.

கண்ணில் வேறு சில தடைகளும் உள்ளன. மாக்ஸிஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக்கின் மூலக்கூறு எடை சுமார் 400 டால்டன் (மூலக்கூறுகளை எடைபோடும் அலகு). முழு ஆன்டிபாடியின் எடை சுமார் 1,50,000. சொட்டு விட்ட சில நிமிடங்களில் அதன் பெரும்பகுதி கண்ணீரோடு வழிந்து போய்விடும். எஞ்சியது கருவிழியின் மேல்தோலைத் தாண்டுவது கடினம். தோல் உரிந்த புண் வழியாக ஓரளவு நுழையலாம், ஆனால் புண் மூட மூட அந்த வாசலும் மூடிக்கொள்ளும். ஆன்டிபாடியின் பிடிக்கும் கைப்பகுதியை மட்டும் வெட்டியெடுத்துப் பயன்படுத்தும் முயற்சி இதனால்தான் வந்தது; அதன் எடை மூன்றில் ஒரு பங்கு. அதில் வால்பகுதி இல்லாததால் வெள்ளை அணுக்களைக் கூடுதலாக அழைத்துவரும் அபாயமும் குறைவு.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தடை காலம். ஓர் ஆன்டிபாடி பெரும்பாலும் ஒரே கிருமியின் ஒரே பொருளைத்தான் அறியும். என்ன கிருமி என்று கல்ச்சர் சொல்ல ஓரிரு நாட்கள் ஆகும். சூடோமோனாஸ் அதற்குள் கருவிழியைத் துளைத்துவிடவும் கூடும். பல கிருமிகளை ஒருங்கே தாக்கும் ஆன்டிபயாட்டிக்கை உடனே தொடங்குவதற்கு மாற்று இன்று இல்லை. நாளை ஆன்டிபாடி வந்தாலும் அது துணையாகத்தான் வரும் என்று நினைக்கிறேன்.

அந்தத் துணைக்கான தேவை கற்பனை அல்ல. 2022-23இல் அமெரிக்காவில் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்துகளோடு தொடர்புடையதாக, பெரும்பாலான மருந்துகளுக்கு அடங்காத சூடோமோனாஸ் பரவியது. 18 மாநிலங்களில் 81 பேர் பாதிக்கப்பட்டனர், 14 பேர் பார்வை இழந்தனர், நால்வர் இறந்தனர்.

இனி உங்கள் கண். அழற்சியைத் தணிக்க ஸ்டீராய்டு சொட்டு விடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். 2012இல் வெளியான, 500 நோயாளிகள் பங்கேற்ற ஆய்வில், பாக்டீரியாப் புண்ணுக்கு ஆன்டிபயாட்டிக்கோடு ஸ்டீராய்டு சேர்த்ததால் மூன்று மாத முடிவில் பார்வையில் ஒட்டுமொத்தமாக வேறுபாடு தெரியவில்லை. எனவே நீங்களாக வாங்கி விடாதீர்கள். சிலருக்கு அது உதவலாம், ஆனால் புண்ணை நேரில் பார்ப்பவர்தான் அதை முடிவுசெய்ய முடியும்.

12ஆம் நாளில் தெரியும் மங்கலை இறுதியானதாகக் கொள்ள வேண்டாம். தழும்பு பல மாதங்கள் வரை மெல்லத் தெளிந்துகொண்டே வரலாம். அதற்குப் பிறகும் மேற்பரப்பு கரடுமுரடாக இருந்தால், வாயு ஊடுருவும் கடின லென்ஸ் பார்வையைக் கணிசமாகச் சீராக்கலாம். அதுவும் போதாதபோதுதான் கருவிழி மாற்று அறுவை சிகிச்சையைப் பற்றி யோசிப்போம். வலி திரும்பினாலோ, வெளிச்சம் பார்க்கக் கூசினாலோ, கருவிழியின் அடியில் வெள்ளையாகச் சீழ் தேங்கினாலோ அன்றைக்கே மருத்துவரிடம் செல்லுங்கள். இரண்டு சொட்டு மருந்துகள் இருந்தால் இடையில் ஐந்து நிமிடமாவது விடுங்கள். இல்லாவிட்டால் இரண்டாவது முதலாவதைக் கழுவிவிடும். பழைய லென்ஸையும் அதை ஊறவைத்த பெட்டியையும் இன்னும் வைத்திருந்தால், அடுத்த முறை அப்படியே மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டிவிட்டு, அதன் பிறகு எறிந்துவிடுங்கள்.