நோய்ப் பரவலை மாவட்டவாரியாக வரைவதைவிடத் தெருவாரியாக வரைந்தால் காரணம் தெரிந்துவிடுமா?

எப்போதும் தெரிந்துவிடாது. தெருவையும் தாண்டி வீட்டுக் குழாய் வரை போன பிறகே விடை கிடைத்த ஒரு நிகழ்வு உண்டு.

லண்டன் காலரா என்றாலே, நோயைப் பரப்பிய பிராட் தெரு அடிகுழாயை யாரும் பயன்படுத்தாதபடி அதன் கைப்பிடியைக் கழற்றிய கதையைத்தான் சொல்வார்கள். அதே 1854இல் ஜான் ஸ்நோ என்ற மருத்துவர் தெற்கு லண்டனில் செய்த வேலைதான் எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

அதற்கு முன்பே, 1848-49 கொள்ளைநோயில் இறந்தவர்களின் கணக்கை வில்லியம் ஃபார் என்ற புள்ளியியலாளர் வட்டாரம் வட்டாரமாகப் பிரித்துப் பார்த்திருந்தார். தேம்ஸ் நதியை ஒட்டிய பள்ளமான பகுதிகளில் சாவு அதிகம். மேடேற ஏறக் குறைவு. பள்ளத்தில் தேங்கும் நச்சுக்காற்றே காரணம் என்ற அன்றைய நம்பிக்கைக்கு அது தோதாக அமைந்தது. கணக்கில் பிழையே இல்லை. ஆனால் பள்ளத்தில் இருந்தவர்கள் குடித்த தண்ணீரும் மோசமானது. வட்டார அளவில் உயரமும் தண்ணீரும் ஒன்றாகவே மாறியதால் இரண்டையும் பிரிக்க வழியில்லை.

தெற்கு லண்டனில் இரண்டு கம்பெனிகள் தண்ணீர் விற்றன. சவுத்வார்க் அண்ட் வாக்ஸ்ஹால் கம்பெனி நகரக் கழிவு கலந்த இடத்திலேயே தேம்ஸ் நீரை எடுத்தது. லாம்பெத் கம்பெனி 1852இல் நதியின் மேல்பகுதிக்கு மாறிவிட்டது. பல தெருக்களில் இரண்டின் குழாய்களும் ஓடின. இந்த வீட்டுக்கு ஒன்று, பக்கத்து வீட்டுக்கு மற்றொன்று. தெருவாரி வரைபடமும் இங்கே கையை விரித்துவிடும். ஸ்நோ வீடு வீடாக ஏறி இறங்கினார். எந்தக் கம்பெனி என்று பல வீட்டாருக்குத் தெரியாது. உப்பைக் காட்டிக்கொடுக்கும் சில்வர் நைட்ரேட்டைத் தண்ணீரில் விட்டு, உப்பின் அளவைக் கொண்டு கண்டுபிடித்தார். முதல் ஏழு வாரங்களில் பத்தாயிரம் வீடுகளுக்கு முதல் கம்பெனியில் 315 சாவு, லாம்பெத்தில் 37. 1866இல் காலரா மீண்டும் வந்தபோது ஃபாரும் தண்ணீரைத்தான் துருவினார்.

அப்படியானால் சிறிதாக்கிக்கொண்டே போகலாமா? 200 பேர் உள்ள குக்கிராமத்தில் ஒருவர் கூடுதலாக நோயுற்றால் விகிதம் எகிறி, வரைபடத்தில் ஊரே சிவந்துவிடும். நோய்ப் பரவலைக் கணிக்கும் கணித மாதிரிகளில் ஆபத்து எதிர்ப்பக்கம். மாவட்டத்தில் 95 சதவீதம் பேர் தட்டம்மைத் தடுப்பூசி போட்டிருந்தால், எல்லோரும் எல்லோரோடும் ஒரே சீராகப் பழகுவதாக வைத்துக்கொள்ளும் மாதிரி, பரவல் அடங்கிவிடும் என்று சொல்லும். மீதி ஐந்து சதவீதமும் நான்கே தெருக்களில் நெருங்கி வாழ்ந்தால் அங்கே நோய் தாராளமாகப் பரவும்.

நானும் சூடுபட்டவன்தான். படிக்கும் காலத்தில் டெங்கு நோயாளிகளின் வீடுகளை ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்து, வார்டுவாரி வரைபடத்தைவிட எவ்வளவு துல்லியம் என்று பெருமையாகக் காட்டினேன். பேராசிரியர் பார்த்துவிட்டு, "ஏடிஸ் பகலில் கடிக்கிற கொசு. பகலில் இவர்கள் எங்கே இருந்தார்கள்?" என்று கேட்டார். பாதிப் பேர் பள்ளிப் பிள்ளைகள். என்னிடம் பள்ளிகளின் பட்டியலே இல்லை.