4கே திரைக்கும் விஆர் (மெய்நிகர் காட்சி) ஹெட்செட்டுக்கும் ஒரே கிராபிக்ஸ் கார்டு போதுமா?

போதும், ஆனால் இரண்டும் கார்டிடம் எதிர்பார்ப்பது வேறு வேறு. 4கே என்பது 3840 × 2160, அதாவது ஏறத்தாழ 83 லட்சம் பிக்சல்கள், ஃபுல் எச்டியைப் போல நான்கு மடங்கு என்பதால், கார்டின் வேகத்தோடு வீடியோ மெமரியும் தாராளமாக இருக்க வேண்டும். 16 ஜிபிக்குக் குறையாமல் வாங்குங்கள் என்பேன்.

விஆரில் நேரம்தான் நெருக்கடி. 90 ஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 90 முறை காட்சி புதுப்பிக்கப்படும்போது, ஒவ்வொரு முறையும் இரு கண்களுக்குமான காட்சியை 11.1 மில்லி விநாடிக்குள் வரைந்து முடிக்க வேண்டும். சாதாரணத் திரையில் ஒரு ஃபிரேம் (அப்படி வரையப்படும் ஒரு தனிப் படம்) தவறினால் படம் லேசாகத் தடுமாறுவதோடு சரி, ஹெட்செட்டிலோ தலையைத் திருப்பும் அந்தக் கணத்தில் காட்சி பின்தங்குவதால், அது அடிக்கடி நேர்ந்தால் பலருக்குக் குமட்டலே வந்துவிடும். ஆகவே, சோதனை முடிவுகளைப் படிக்கும்போது சராசரி ஃபிரேம் எண்ணிக்கையைவிட, மிக மெதுவான 1 சதவீத ஃபிரேம்களின் வேகத்தையே முதலில் பாருங்கள். பவர் சப்ளையின் வாட் அளவையும் கார்டின் நீளத்தையும் வாங்குமுன் சரிபார்த்துவிடுங்கள்.