கொற்றவையின் வயிற்றில் அணு உலை: மாட்டுங்கா வாசகருக்கு ஒரு கப்பல் பொறியாளரின் பதில்

கேள்வி: ஐயா, வணக்கம். மும்பை மாட்டுங்காவில் வசிக்கும் நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு தொடர்கதை எழுதுகிறோம். தென்கடலில் சிதறிக் கிடக்கும் பதினொரு தீவுகள் கொண்ட ஒரு கற்பனை நாடு. அதன் கடற்படையில் 'கொற்றவை' வகையைச் சேர்ந்த நான்கு அணுசக்திப் போர்க்கப்பல்கள். ஒவ்வொன்றும் 90,000 டன், 320 மீட்டர் நீளம், 45 நாட் (மணிக்கு 45 கடல் மைல்) வேகம், 12 பெரிய பீரங்கிகள், 200 மாலுமிகள். அணு உலை இருப்பதால் துறைமுகத்துக்கே திரும்ப வேண்டியதில்லை என்று எழுதியிருக்கிறோம். இது நம்பும்படி இருக்கிறதா? எதை மாற்ற வேண்டும்?

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது கப்பல் அல்ல, அந்தப் பதினொரு தீவுகள்தான். அவை இருப்பதால்தான் இந்தக் கப்பலுக்கு ஒரு காரணம் கிடைக்கிறது. நெடுந்தூரத்தை வேகமாகக் கடக்க வேண்டும், வழியில் எண்ணெய் கொடுக்க ஆள் இல்லை என்ற நிலைமை இல்லாவிட்டால் அணு உலையை எந்த நாடும் கப்பலில் வைக்காது.

எம்டனை நினைத்துப் பாருங்கள். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன ஜெர்மன் கப்பல். கெட்டிக்காரனை 'அவன் பெரிய எம்டன்' என்று சொல்லும் வழக்கு அதிலிருந்து வந்ததுதான். அந்த எம்டனின் நாட்களையெல்லாம் நிலக்கரிதான் தீர்மானித்தது. கூடவே ஒரு நிலக்கரிக் கப்பல் வர வேண்டும், பிடித்த கப்பல்களில் கிடைத்த கரியைக் கூடை கூடையாக ஏற்ற வேண்டும். அணு உலை நீக்குவது இந்தக் கவலையை மட்டும்தான். உணவு, குண்டு, ஏவுகணை, உதிரிப் பாகம், ஹெலிகாப்டருக்கான எரிபொருள் எல்லாவற்றுக்கும் கொற்றவை கை நீட்டித்தான் ஆக வேண்டும். 'திரும்பவே வேண்டாம்' என்ற வரியை எடுத்துவிடுங்கள்.

அடுத்து வேகம். கப்பலைத் தள்ளத் தேவையான திறன் ஏறக்குறைய வேகத்தின் மும்மடிக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்றபடி கூடும். அமெரிக்காவின் அயோவா வகைப் போர்க்கப்பல் 57,000 டன், 270 மீட்டர். அது 33 நாட் ஓட 2,12,000 குதிரைத்திறன் கொடுத்தார்கள். அதே உடலை 45 நாட் ஓட்ட வேண்டுமென்றால் இரண்டரை மடங்கு, அதாவது ஐந்து லட்சத்தைத் தாண்டும். உங்கள் 90,000 டன்னுக்கு இன்னும் மேலே போகும். உலை எத்தனை பெரிதானாலும் டர்பைன், கியர், ப்ரொப்பெல்லர் வழியாகத்தானே அந்தத் திறன் தண்ணீரைச் சேர வேண்டும்?

ஆகவே 60,000 டன், 30 நாட் என்று வையுங்கள். ப்ரொப்பெல்லரின் சுழல்தண்டுக்கு ஏறக்குறைய 120 மெகாவாட், ரேடாருக்கும் மற்றவற்றுக்கும் மின்சாரம் தனி. நீராவி வழியில் வெப்பத்தில் கால்வாசிக்கும் குறைவாகத்தான் வேலையாக மாறும் என்று கணக்கிட்டால், உலைகள் தர வேண்டிய வெப்பம் 600 மெகாவாட் அளவில் வரும். நம் ட்ராம்பேயில் இருக்கும் துருவா ஆராய்ச்சி உலையின் வெப்பத் திறன் 100 மெகாவாட். நம் அரிஹந்த் நீர்மூழ்கியில் இருப்பது 83 மெகாவாட் உலை. அப்படியானால் ஆறு துருவாக்களின் வெப்பத்தை ஒரு கப்பலின் வயிற்றில் அடைக்கப் போகிறீர்கள். 300 மெகாவாட் உலைகள் இரண்டு என்று எழுதினால் நியாயமாக இருக்கும்.

30 நாட் என்பது உங்களுக்குக் குறைவாகத் தோன்றலாம். எண்ணெய்க் கப்பல் வேகத்தை இரட்டிப்பாக்கினால் ஒவ்வொரு மைலுக்கும் கிட்டத்தட்ட நான்கு மடங்கு எண்ணெய் குடிக்கும். அதனால் முழு வேகத்தைச் சண்டைக்கென்று சேமித்து வைப்பார்கள். கொற்றவையோ நாள் முழுக்க 30 நாட் ஓடி, ஒரு நாளில் 720 கடல் மைலைக் கடக்கும்; அடுத்த நாளும் அப்படியே. ஆனால் கூட வரும் காவல் கப்பல்கள் எண்ணெயில் ஓடினால் இரண்டாம் நாளே பின்தங்கிவிடும். 1964-இல் அமெரிக்கா என்டர்பிரைஸ், லாங் பீச், பெயின்பிரிட்ஜ் என்ற மூன்று அணுசக்திக் கப்பல்களை வழியில் எரிபொருளே ஏற்றாமல் 65 நாளில் உலகைச் சுற்ற வைத்தது. மூன்றும் அணுசக்தி என்பதால்தான் அது நடந்தது. பிறகு செலவு தாங்காமல், 1999-க்குள் லாங் பீச் போன்ற தன் அணுசக்திக் க்ரூசர்கள் (விமானந்தாங்கி அல்லாத பெரிய போர்க்கப்பல்கள்) அத்தனையையும் அந்த நாடே பணியிலிருந்து விலக்கிவிட்டது. உங்கள் நாட்டின் நிதியமைச்சர் ஒரு அத்தியாயத்திலாவது தலையில் கை வைத்து உட்கார வேண்டும்.

இனி நான் நிதானமாகச் சொல்ல வேண்டிய இடம். எண்ணெய்ப் போர்க்கப்பலின் பக்கவாட்டுத் தொட்டிகளில் இருக்கும் எண்ணெய் எரிபொருள் மட்டுமல்ல, டார்பிடோ வெடிப்பின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் ஒரு அடுக்கும் கூட. அணுக் கப்பலில் அந்த எண்ணெய் இராது. அந்த அடுக்கு வேண்டுமென்றால் தொட்டிகளில் தண்ணீர் நிரப்ப வேண்டும். மிச்சமாகும் எடையில் பெரும்பங்கை உலையைச் சுற்றியுள்ள ஈயக் கவசமும் மற்றக் கதிர்வீச்சுத் தடுப்பும் தின்றுவிடும்.

அதைவிட முக்கியம் உலையின் மிச்ச வெப்பம். பாய்லருக்கு வரும் எண்ணெயை நிறுத்தினால் தீ அணைந்துவிடும். உலை அப்படியல்ல. அணுக்கள் பிளக்கும் சங்கிலி வினையை நிறுத்திய அந்தக் கணத்திலும் முழு வெப்பத்தில் சுமார் ஆறு சதவீதம் வந்துகொண்டே இருக்கும். 300 மெகாவாட் உலையில் அது 18 மெகாவாட். ஒரு மணி நேரம் கழித்து நான்கு, ஒரு நாள் கழித்தும் சுமார் ஒன்றரை. பம்புகள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அவற்றுக்கு மின்சாரம் வேண்டும். 2011-இல் ஃபுகுஷிமாவில் உலைகள் ஒழுங்காகத்தான் நின்றன. சுனாமியில் மின்சாரம் போனதுதான் விபரீதம். டார்பிடோ பட்டு, ஜெனரேட்டர் அறையில் தண்ணீர் ஏறி, கப்பல் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும்போது இந்த வெப்பத்தை என்ன செய்வது? உங்கள் தலைமைப் பொறியாளருக்கு எதிரியைவிடப் பெரிய கவலை இதுதான். முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியாக டீசல் ஜெனரேட்டர்கள், பம்ப் இல்லாமலே வெந்நீர் மேலெழுந்து சுற்றும் குழாய் அமைப்பு, இரண்டு உலைகளுக்கும் நடுவே தடித்த தடுப்புச் சுவர், இவையெல்லாம் கப்பலில் இருக்கட்டும். பத்து வருடம் கப்பல் இஞ்சின் அறைகளில் பழுது பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த அறையின் இருட்டையும் சூட்டையும் எழுதினால் வாசகர் மறக்க மாட்டார்.

200 மாலுமிகள் போதாது என்பதும் இங்கேதான் தெரியும். அடிபட்ட கப்பலில் தீயணைக்கவும், ஓட்டை அடைக்கவும், காயம்பட்டவரைத் தூக்கவும் கை வேண்டும். உலைக் காவல் மட்டுமே மூன்று ஷிஃப்ட். 1980-களில் அயோவா கப்பல்களில் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேல் ஆட்கள் இருந்தார்கள். நீங்கள் 1,200 என்று வைக்கலாம்.

பீரங்கி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அயோவாவின் 406 மில்லிமீட்டர் பீரங்கி எட்டும் தூரம் 38 கிலோமீட்டர். பிரம்மோஸ் ஏவுகணையின் தொடக்க வகையே 290 கிலோமீட்டர். கடற்சண்டையில் பீரங்கிக்கு இடமில்லை. கரையைத் தாக்க மட்டும் உதவும். முன்னால் இரண்டு பீரங்கி மேடைகள் போதும், பின்னால் ஏவுகணைக் குழாய்கள் வையுங்கள். ரஷ்யாவின் கிரோவ் வகைக் கப்பல்தான் கொற்றவைக்கு நெருங்கிய உறவு: 252 மீட்டர், இரண்டு அணு உலைகள், 20 பெரிய ஏவுகணைகள், கனத்த பீரங்கியே கிடையாது.

தடித்த கவசத்தை நம்பி வெல்ல முடியாத கப்பலாக மட்டும் எழுதாதீர்கள். 1941 டிசம்பர் 10 அன்று மலாயாக் கடலில் பிரிட்டனின் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் என்ற போர்க்கப்பல்கள் இரண்டையும் ஜப்பானிய விமானங்கள் ஒரே நாளில் மூழ்கடித்தன. உலகிலேயே பெரிய பீரங்கிப் போர்க்கப்பலான ஜப்பானின் யமாட்டோவும் 1945-இல் விமானங்களால்தான் போனது. இன்றைய டார்பிடோ கப்பலின் அடியில் வெடித்து அதன் முதுகெலும்பை ஒடிக்கும். பக்கக் கவசம் அங்கே உதவாது. ரேடாரைச் சுற்றியும் இரும்புச் சுவர் எழுப்ப முடியாது.

நீளத்துக்கு வருவோம். மும்பைக் கடற்படைத் தளத்தில் 2019-இல் திறந்த, விமானந்தாங்கிக் கப்பல்களுக்கான டாக்கின் (தண்ணீரை வெளியேற்றிக் கப்பலைப் பழுது பார்க்கும் உலர்துறையின்) நீளம் 281 மீட்டர். 320 மீட்டர் கொற்றவை அதற்குள் நுழையாது. 265 மீட்டராக்கினால் நுழையும். எப்படியும் உங்கள் தீவு நாடு ஒரு டாக்காவது கட்டியிருக்க வேண்டும். அது எந்தத் தீவில் இருக்கிறது என்று வரைபடத்தில் குறித்துவிடுங்கள். எதிரி முதலில் குறி வைக்கும் இடமும் அதுதான். பிற நாட்டுத் துறைமுகங்களும் எளிதில் கதவைத் திறக்காது. நியூசிலாந்து 1987 முதல் சட்டம் போட்டே அணுக் கப்பல்களைத் தடுக்கிறது. 2007 ஜூலையில் அமெரிக்காவின் அணுசக்தி விமானந்தாங்கிக் கப்பல் நிமிட்ஸ் சென்னைக்கு வந்தபோது கரைக்கு அப்பால்தான் நங்கூரமிட்டது; அதற்கே ஊரில் எதிர்ப்புக் குரல்கள் எழுந்தன.

கடைசியாக, நான்கு கப்பல் என்றால் நான்கும் கடலில் இருக்கும் என்று எண்ண வேண்டாம். நிமிட்ஸ் வகைக் கப்பலில் எரிபொருள் மாற்றிப் புதுப்பிக்கவே நான்கு வருடம் அளவுக்கு ஆகிறது. கப்பலின் மேல்தளத்தை வெட்டித் திறந்து, பழைய எரிபொருளை வெளியே எடுத்து, புதியதை இறக்கி, மறுபடி மூட வேண்டும். ஆகவே ஒன்று டாக்கில், ஒன்று பயிற்சியிலும் பராமரிப்பிலும், இரண்டு கடலில். போர் தொடங்கும் காலையில் மேல்தளம் திறந்தபடி டாக்கில் கிடக்கும் கப்பல் எது, அதன் கேப்டன் யார் என்பதை முதல் அத்தியாயம் எழுதுமுன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.