ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘கல்வேரியம்’ என்றால் என்ன?

கேள்வி: அம்மாவுக்கு 70 வயது. போன வாரம் பாத்ரூமில் வழுக்கி விழுந்து பின்மண்டையில் அடி. சி.டி. ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘கல்வேரியம் நார்மல்’ என்று இருக்கிறது. சர்ச்சில் சொல்லும் கல்வாரி போலவே இருக்கிறதே, டைப்பிங் தவறா? அம்மா இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறார்.

பதில்: தவறில்லை. கல்வேரியம் என்பது மண்டையோட்டின் மேல்மூடி. நெற்றியில் தொடங்கி உச்சி வழியாகப் பிடரிக்குச் சற்று மேல் வரை தடவிப் பாருங்கள், கைக்குக் கெட்டியாகத் தட்டுப்படுவது அதுதான். அதில் விரிசல் எதுவும் இல்லை என்பதே அந்த வரியின் பொருள்.

உங்கள் காதில் பட்ட ஒற்றுமையும் நிஜம். இயேசு சிலுவையில் அறையப்பட்ட இடத்துக்கு அரமேய மொழியில் கொல்கொதா, அதாவது மண்டையோடு என்று பெயர். லத்தீன் பைபிளில் அது ‘கல்வாரியா’ ஆனது. தமிழ் பைபிளில் ‘கபாலஸ்தலம்’ என்றே படித்திருப்பீர்கள். சுவிசேஷங்கள் அதை மலை என்று எங்கும் சொல்லவில்லை. பாறை மண்டையோட்டு வடிவில் இருந்ததால் அந்தப் பெயர் என்பார்கள் சிலர். ஆதாமின் மண்டையோடு அங்கே புதைந்திருக்கிறது என்பது பழைய கிறிஸ்தவ மரபு. எருசலேமில் 335-இல் அர்ப்பணிக்கப்பட்ட திருக்கல்லறைத் தேவாலயத்துக்குள் படியேறிப் போய் அந்தப் பாறையை இன்றும் பார்க்கலாம். போலந்தில் கல்வாரியா என்ற பெயரில் ஊரே உண்டு.

சரி, அம்மாவின் விஷயத்துக்கு வருவோம். எலும்பு உடையவில்லை என்பது பாதி நிம்மதிதான். ஓடு முழுசாக இருக்கும்போதே உள்ளே ரத்தம் கசியலாம். ரிப்போர்ட்டில் ரத்தக் கசிவு இல்லை என்ற வரி தனியாக இருக்கிறதா என்று ஸ்கேன் கேட்ட டாக்டரிடமே காட்டிக் கேளுங்கள். வயதானால் மூளை கொஞ்சம் சுருங்கும். அதற்கும் ஓட்டுக்கும் இடையே ஓடும் சிறு ரத்தக் குழாய்கள் இழுபட்டு, சாதாரண அடியிலும் அறுந்துவிடும். அந்த ரத்தம் மெல்லச் சேர்ந்து, இரண்டு மூன்று வாரம் கழித்துக்கூட தொந்தரவு காட்டும். ஆஸ்பிரின் சாப்பிடுவதால் கூடுதல் கவனம் தேவை. அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

தலைவலி கூடிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, எந்நேரமும் தூக்கக் கலக்கம், பேச்சில் குழறல், நடையில் தள்ளாட்டம், ஒரு பக்கக் கை கால் பலவீனம், வலிப்பு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். ‘வயசாச்சு, மறதி வருது’ என்று அம்மாவின் திடீர்க் குழப்பத்தை ஒதுக்கிவிட வேண்டாம். பாத்ரூமில் பிடித்துக்கொள்ளக் கம்பியும் வழுக்காத மிதியடியும் இந்த வாரமே போட்டுவிடுங்கள்.